கோடிங்: அறிவியலா, பொறியியலா, கைத்தொழிலா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அரியலூர் பக்கம் பல வீடுகளில் நடக்கும் விவாதம் இது: பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸா, பி.சி.ஏ.வா, இல்லை பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்கா? மூன்றிலும் சி, ஜாவா, பைத்தான் என்று ஏறக்குறைய அதே மொழிகள்தான். முடித்தவர்கள் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்காருவதும் சகஜம். ஆனால் ஒரு பட்டத்தில் 'சயின்ஸ்' இருக்கு, ஒன்றில் 'அப்ளிகேஷன்' இருக்கு, பி.இ.யில் 'சயின்ஸ்', 'இன்ஜினியரிங்' இரண்டுமே இருக்கு. ஃபீஸும் வருடக்கணக்கும் மட்டும் வேற வேற.

அப்போ புரோகிராமிங் உண்மையில் எந்த வகை? கல்லங்குறிச்சியில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

கல் ஒன்று, வேலை மூன்று

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கலியுக வரதராசப் பெருமாள் கோயில். நிலவியல் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறொரு காரணத்துக்காகத் தெரியும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்கு ஒன்றுக்கு 'கல்லங்குறிச்சி படிவம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்கில் கிடக்கும் சிப்பிகளைப் பார்த்து, 'இங்கே அன்றைக்கு எப்படிப்பட்ட கடல் இருந்தது?' என்று கேட்பவர் விஞ்ஞானி. அதே சுண்ணாம்புக்கல்லை சரிவு இடியாமல் எப்படி வெட்டுவது, சிமென்ட் ஆலை உலையில் எவ்வளவு சூட்டில் வேகவைப்பது என்று கணக்குப் போடுபவர் பொறியாளர். இதே மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தில் 11-ம் நூற்றாண்டில் விமானம் எழுப்பிய கல்தச்சர்கள் மூன்றாவது வகை. தொழிலை அவர்கள் கல்லூரியில் கற்கவில்லை, மூத்தவரின் கையைப் பார்த்துக் கற்றார்கள்.

மூவரும் தொடுவது கல்லைத்தான், கேட்கும் கேள்விதான் வேற. கோடிங்கிலும் இந்த மூன்று பேரும் இருக்கிறார்கள்.

எது அறிவியல்?

ஒரு ஆப் ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டே இருக்கு. வேலை செய்யுதா, மாட்டிக்கிச்சா? எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் 'இது ஒருநாள் முடியும்' அல்லது 'முடியவே முடியாது' என்று சரியாகச் சொல்லும் ஒரு பொதுவான புரோகிராமை எழுதவே முடியாது. ஆலன் டூரிங்கின் 1936 கட்டுரையில் இருந்து வரும் முடிவு இது. கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமானாலும் இது மாறாது. இயற்கை விதி மாதிரி.

இந்தியாவிலும் பெரிய உதாரணம் உண்டு. 2002-ல் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஒரு எண் பகா எண்ணா என்று சோதிக்கும் புதிய வழியைக் கண்டுபிடித்தார்கள். எண்ணின் இலக்கங்கள் கூடினாலும் நேரம் கட்டுமீறிப் போகாது, விடையிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. உலகமே திரும்பிப் பார்த்த அந்தச் சாதனையின் உயிர் அதன் நிரூபணம், கோட் அல்ல. சிறுசேரியில் ஐ.டி. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தில் நடப்பது இந்த வகைப் படிப்பு. சுற்றியுள்ள கட்டடங்களில் ஆயிரக்கணக்கானோர் கோட் எழுதுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தக் கணிதம் அன்றாடம் தேவைப்படுவதில்லை.

அவர்கள் செய்வது என்ன?

என் கணிப்பில், பெரும்பாலும் கைத்தொழில். குறைத்துச் சொல்லவில்லை. அடுத்தவர் எழுதிய கோடைப் படிப்பது, எங்கே உடையும் என்று வாசனை பிடிப்பது, ஆறு மாதம் கழித்து வருபவருக்கும் புரியும்படி பெயர் வைப்பது எல்லாம் செய்து செய்து வருவதுதான்.

இதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டு நடக்கும் தமிழ்நாட்டு உதாரணம் ஜோஹோ ஸ்கூல்ஸ். சுமார் 20 வருடமாக நடக்கிறது. பள்ளிப்படிப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். ஃபீஸ் கிடையாது, மாதம் உதவித்தொகை உண்டு. இரண்டு வருடம் முடிந்தால் பட்டம் கிடையாது, வேலை. பட்டறையில் தொழில் பழகும் அதே முறை. சுவாரஸ்யம் என்னன்னா, அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ஐஐடி மெட்ராஸில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

அப்போ பொறியியல் எங்கே?

2019 செப்டம்பர் 7 அதிகாலையை மறந்திருக்க மாட்டோம். சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதியது. ஏன் என்பதை 2023-ல் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்தன, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அதைச் சரிசெய்ய லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகம் தேவைப்படும் என்று மென்பொருள் எழுதும்போது எதிர்பார்க்காததால், அதில் இருந்த வரம்பு தடுத்தது. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான்.

சந்திரயான்-3-ல் கேள்வியையே மாற்றினார்கள். 'எப்படி ஜெயிக்கும்?' என்பதற்குப் பதில் 'எதெல்லாம் கெடும்? கெட்டாலும் எப்படி இறங்கும்?' என்று யோசித்து வடிவமைத்தார்கள். சென்சார் கெட்டால், இன்ஜின் கெட்டால், கணக்கு தப்பினால் என்று ஒவ்வொன்றுக்கும் தயாரானார்கள். இறங்கும் இடத்தையும் சுமார் 4 கி.மீ. நீளத்துக்குப் பெரிதாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். இதில் இருந்த மென்பொருள் வேலையைத் தயங்காமல் பொறியியல் என்று சொல்லலாம்.

பெயரில் என்ன இருக்கு?

'சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்' என்ற பெயரைப் பிரபலமாக்கியது 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாடு. பெரிய மென்பொருள் திட்டங்கள் தாமதமாகி, செலவு எகிறிய காலம். பாலம் கட்டுபவர்களின் ஒழுங்கு நமக்கும் வேண்டும் என்ற ஆசையில் வந்த பெயர் அது.

அந்த ஆசை பாதிதான் நிறைவேறியிருக்கு. வீட்டு பிளானில் பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்து போடுகிறார். உங்கள் பணம் போகும் பேமென்ட் ஆப்பில் அப்படி யார் கையெழுத்தும் இல்லை. 1985-87-ல் வட அமெரிக்காவில் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தின் மென்பொருள் பிழையால் ஆறு நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். பழைய மாடலில் இருந்த மின்சுற்றுப் பாதுகாப்பை நீக்கிவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியது முக்கியக் காரணங்களில் ஒன்று.

இப்போது ஏஐ வந்து கோடை நொடியில் எழுதித் தருகிறது. அடி வாங்குவது மேலே சொன்ன கைத்தொழிலின் ஆரம்பப் படிகள், அதாவது ஃப்ரெஷர்கள் கை பழகும் சின்னச் சின்ன வேலைகள். ஏஐ கொடுத்தது சரியா, எந்தச் சூழலில் உடையும், உடைந்தால் யார் பொறுப்பு என்பதை இன்னும் ஆள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் அட்மிஷனுக்குப் போகும்போது பட்டத்தின் பெயரைத் தாண்டிக் கேளுங்க. பாடத்திட்டத்தில் டிஸ்க்ரீட் மேத்ஸ், அல்காரிதம் இருக்கா, அதை நடத்த ஆள் இருக்கா? டெஸ்டிங் என்பது ஒரு யூனிட்டோடு முடிந்துவிடுதா? லேபில் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுத வைக்கிறார்களா, பிழையோடு மல்லுக்கட்ட விடுகிறார்களா? கடைசிக் கேள்விக்கான பதிலை சீனியர்களிடம் கேட்டால் ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.