இன்றேல், ஏன்?

மனுநீதி கண்ட சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்பதும், கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்து நீதி கேட்டது என்பதும் தமிழ்க் குழந்தைகள் யாவரும் அறிந்த கதை. இதே கதையை மகாவம்சம், அநுராதபுரத்திலிருந்து அரசாண்ட எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்லுகிறது. அவன் படுக்கையின் தலைமாட்டில் மணி தொங்கிற்று என்றும், குறையுடையோர் எவரும் வெளியில் நின்று அதன் கயிற்றை இழுக்கலாம் என்றும் அந்நூல் கூறும். தமிழரும் சிங்களரும் ஒருங்கே போற்றிவரும் இக்கதையினுள் ஓர் அரசியற் கருத்து அடங்கியிருக்கிறது. ஆள்பவனைத் துயிலெழுப்பக் குடிகளின் கையில் ஒரு கயிறு இருத்தல் வேண்டும். கயிறு அசைந்தால் அவன் எழுந்து வந்து விடை கூறல் வேண்டும்.

முடியாட்சி மறைந்து மக்களாட்சி தோன்றிய பின்னர் அந்தக் கயிறு அறுந்துவிடவில்லை. பாராளுமன்றம் கூடும் நாட்களில், ஒழுங்குப் பத்திரத்தின் முற்பகுதியில், “வாய்மூல விடைகளுக்கான வினாக்கள்” என்ற தலைப்பின்கீழ் அது இன்றும் தொங்குகிறது.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்குச் செல்லும் பெருந்தெருவில், மலைகள் தாழ்ந்து சமவெளியை நோக்கி இறங்கும் இடத்தில் அமைந்திருக்கிறது கலகெதர. சிங்கள மக்களும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களும் அருகருகே வாழும் ஊர். கண்டி இராச்சியக் காலத்தில் இது தலைநகரின் வாயில்களுள் ஒன்றாக விளங்கியது. 1803ஆம் ஆண்டு தளபதி மக்டொவலின் ஆங்கிலப் படை கொழும்பிலிருந்து புறப்பட்டுக் கண்டியை நோக்கி ஏறியபோது, கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் இருந்த கண்டியரின் அரண்களைக் கடந்தே சென்றது. ஆகவே பாதை என்பது அவ்வூருக்குப் புதிய செய்தியன்று. அன்று பாதையை அடைத்து வைப்பது ஊரின் காவல். இன்று பாதையைத் திறந்து வைப்பது ஊரின் வாழ்வு. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், கண்டி வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியும், மிளகும் பாக்கும் சந்தைக்கு அனுப்பும் தோட்டக்காரனும் பாதையையே நம்பியிருக்கின்றனர். அத்தகைய ஊரார் தம் பாதையைப்பற்றி அமைச்சர் ஒருவரிடம் கேட்க விரும்பினால், அக்கேள்வி எவ்வழியே சென்று எவ்வாறு திரும்பி வருகிறது என்பது அறியத்தக்கது.

முதலில் இம்முறையின் பிறப்பைச் சுருங்கக் காண்போம். 1720ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தென்கடற் கம்பனி என்ற வாணிக நிறுவனத்தின் பங்கு விலை சரிந்து பல்லாயிரவர் செல்வம் பாழாயிற்று. அதன் காசாளர் நாட்டை விட்டு ஓடிவிட்டார். அவர் பிடிபட்டுவிட்டதாக வந்த செய்தி மெய்தானா என்று 1721இல் பிரபுக்கள் சபையில் கூப்பர் பிரபு அரசாங்கத்தை வினவினார். சண்டர்லாந்துப் பிரபு விடையளித்தார். பதிவு செய்யப்பட்ட முதற் பாராளுமன்ற வினா இதுவே என்பர். இந்தியாவில் 1892ஆம் ஆண்டுச் சட்டம் சட்டசபை உறுப்பினருக்கு வினா எழுப்பும் உரிமையை நிபந்தனைகளுடன் வழங்கியது. விடை போதாவிடத்து வினவியவரே துணை வினா எழுப்பலாம் என்ற உரிமை 1909இல் வந்தது. இலங்கையில் 1931இல் சர்வசன வாக்குரிமையுடன் அரசாங்க சபை அமைந்தது. 1947இல் பாராளுமன்றம் கூடிற்று. அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புக் கூற வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. அந்தப் பொறுப்பு ஏட்டிலிருந்து இறங்கி, ஓர் அமைச்சர் எழுந்து நின்று ஒரு மதகைப்பற்றிப் பேசும் நிலையை அடைவது வினா நேரத்திலேதான்.

கலகெதரவின் உட்கிராமம் ஒன்றில் மழைக்காலத்தில் மதகு இடிந்துவிட்டதாகக் கொள்க. ஊரார் மனு எழுதி உறுப்பினர் ஒருவரிடம் கொடுக்கின்றனர். உறுப்பினர் அதனை வினாவாக ஆக்க வேண்டும். இங்குதான் முதல் நுட்பம் இருக்கிறது. நிலையியற் கட்டளைகளின்படி வினா என்பது சொற்பொழிவன்று. அதில் வாதம் இருத்தலாகாது. பழிச்சொல்லும் ஏளனமும் இருத்தலாகாது. அமைச்சரின் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டலும் நீதிமன்றத்தில் விசாரணையிலுள்ள விடயத்தைத் தொடுதலும் ஆகா. “இந்த அரசாங்கம் எங்கள் ஊரைக் கைவிட்டது ஏன்?” என்று கேட்டால் அது செல்லாது. உள்ளத்திலே கொதிக்கும் சினத்தை ஆறவைத்துச் செய்தியாக வடித்தல் வேண்டும்.

அவ்வாறு வடித்த வினா ஏறத்தாழப் பின்வரும் உருவம் பெறும். (அ) இன்ன வீதியிலுள்ள மதகு இன்ன திகதியில் இடிந்தது என்பதை அமைச்சர் அறிவாரா? (ஆ) அதனைத் திருத்துவதற்கான மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளதா? ஆமெனில், தொகை எவ்வளவு? (இ) வேலை எத்திகதியில் தொடங்கும் என்பதை இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஈ) இன்றேல், ஏன்?

இறுதியில் நிற்கும் அவ்விரு சொற்களே வினாவின் உயிர்நாடி. முற்பகுதிகளுக்கு “இல்லை” என்று ஒரே சொல்லில் அமைச்சர் விடையிறுத்து அமர்ந்துவிடலாம். “இன்றேல், ஏன்?” என்பது அவரை அமரவிடாது. செய்யாமைக்கும் காரணம் கூற வேண்டும், அக்காரணம் அச்சேறும், அச்சேறிய காரணத்தை அடுத்த ஆண்டு எடுத்துக் காட்டலாம்.

வினா ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றதும், அதன் நகல் உரிய அமைச்சுக்குச் செல்லும். அமைச்சின் செயலாளர் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு எழுதுவார். அச்சபை கண்டியிலுள்ள பொறியியலாளரிடம் அறிக்கை கோரும். அதுவரை மேசையடியில் உறங்கிய கோப்பு அன்று மேசைமேல் ஏறும். யாரேனும் ஓர் உத்தியோகத்தர் மதகைச் சென்று பார்ப்பார். சபையில் விடை சொல்லப்படுவதற்கு முன்னரே சில குறைகள் தீர்ந்துவிடுவதன் இரகசியம் இதுவே.

குறித்த நாளில் சபாநாயகர் வினாவின் இலக்கத்தை அழைக்கிறார். உறுப்பினர் எழுந்து வினவுகிறார். அமைச்சர் விடையை வாசிக்கிறார், அல்லது சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறார். பின்னரே உண்மையான தேர்வு வருகிறது. எழுதிவைத்த விடையை எவரும் வாசிக்கலாம். துணை வினாவுக்கு விடை எழுதித் தர அருகில் எவருமில்லை. “மதிப்பீடு தயார் என்றீர்களே, இவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதற்குப் பணம் உண்டா?” என்ற ஒரு சிறு கேள்வி, அமைச்சர் தம் துறையை அறிந்தவரா, கோப்பை மட்டும் அறிந்தவரா என்பதைக் காட்டிவிடும். கேள்வியும் விடையும் ஹன்சாட் அறிக்கையில் சொல்லுக்குச் சொல் பதிவாகின்றன.

மதகு சிறிது, அதே கலகெதரவைத் தொட்ட பெரிய வினா ஒன்றும் உண்டு. மத்திய அதிவேகப் பாதை நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டது. கடவத்தையிலிருந்து மீரிகம, மீரிகமவிலிருந்து குருநாகல், பொத்துஹெரவிலிருந்து கலகெதர, குருநாகலிலிருந்து தம்புள்ளை என்பன அவை. இரண்டாம் பகுதி 2022ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. வெளிநாட்டுக் கடனை நம்பிய பெருவேலைகள் நின்றுபோயின. கடவத்தை – மீரிகம பகுதியின் வேலை 2025ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. கண்டிக்குச் செல்லும் கிளையாகிய மூன்றாம் பகுதி, ஏறத்தாழ 32 கிலோமீற்றர் நீளமுடையது. அது முடிவதாகக் குறிக்கப்பட்ட இடம் கலகெதர.

இத்தகைய திட்டம் ஒன்று தாமதிக்கும்போது நட்டம் பிரயாணிக்கு மட்டும் அன்று. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ் ஒரு காணிக்கு அறிவித்தல் ஒட்டப்பட்டால், உடையவன் அதில் வீடு கட்டத் தயங்குவான். வாங்க வருபவனும் பின்வாங்குவான். பாதையும் வராது, காணியும் முழுமையாகத் தன்னதாகாது என்ற இரண்டுங்கெட்ட நிலையில் ஆண்டுகள் கழியும். அவனுக்கு வேண்டியது வாக்குறுதியன்று, திகதி.

எனவே இத்தகைய பொருளில் “பாதை எப்போது முடியும்?” என்ற ஒற்றைக் கேள்வி பயனற்றது. “விரைவில்” என்ற விடைக்கு அதுவே வாயில் திறந்துவிடும். நல்ல வினா பொருளைப் பகுத்துக் கேட்கும். எடுக்கப்பட்ட காணித் துண்டுகள் எத்தனை? நட்டஈடு கொடுபட்டவை எத்தனை? கொடுபடாதவற்றுக்கு வட்டி உண்டா? செய்து முடித்த வேலைக்குச் செலவான தொகை யாது? அதிவேகப் பாதை கலகெதரவில் முடிந்தால், அங்கிருந்து கட்டுகஸ்தோட்டைவரை பழைய வீதி அவ்வளவு வண்டிகளையும் தாங்குமா? எண்ணால் விடையிறுக்க வேண்டிய கேள்விக்கு எண்ணாலேயே விடையிறுக்க வேண்டும். எண் தவறாயின், பிடிபடும்.

எல்லாக் கேள்விக்கும் பாராளுமன்றமே வாயில் என்று எண்ணுதலும் பிழை. வீதிகளுள் ஏ, பி என்ற வகுப்புக்களைச் சேர்ந்தவை மத்திய அரசாங்கத்தின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியன. சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கு உரியன. அவற்றிலும் சிறியவை பிரதேச சபையின் பொறுப்பு. கண்டி – குருநாகல் வீதி ஏ வகுப்பினது; அதிலிருந்து பிரிந்து மலையடிக் கிராமங்களுக்கு ஏறும் பாதைகள் பல அவ்வாறல்ல. மாகாணப் பாதையைப்பற்றி மத்திய அமைச்சரிடம் வினவினால், “அது என் பொறுப்பன்று” என்பதே முறையான விடை. அதைக் கேட்க வேண்டிய இடம் 1987ஆம் ஆண்டு பதின்மூன்றாம் திருத்தத்தால் தோன்றிய மாகாண சபை. ஆனால் மத்திய மாகாண சபையின் ஆயுள் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடைபெறாமையால், நிருவாகம் ஆளுநரின்கீழ் நடந்தது. பாதை இருந்தது, உத்தியோகத்தர் இருந்தனர், பணமும் ஓரளவு இருந்தது. எழுந்து நின்று “இன்றேல், ஏன்?” என்று கேட்கத் தெரிவு செய்யப்பட்டவர் மட்டும் இல்லை. தேர்தல் ஒன்று தள்ளிப்போவதால் இழக்கப்படுவது பதவிகள் மட்டும் என்று கருதுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

பிறிதொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. முன்னாளில் கலகெதர தனித் தொகுதியாய் ஓர் உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மதகு இடிந்தால் யாரிடம் செல்வது என்ற ஐயம் ஊராருக்கு இருக்கவில்லை. 1989ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் விகிதாசார முறை நடைமுறைக்கு வந்தது. கலகெதர கண்டி மாவட்டத்தின் வாக்கெடுப்புப் பிரிவுகளுள் ஒன்றாயிற்று. மாவட்டம் முழுவதற்கும் பன்னிரண்டு உறுப்பினர் என்ற கணக்கு பிற்காலத் தேர்தல்களில் அமைந்தது. ஆளுங்கட்சியினரிடமும் எதிர்க்கட்சியினரிடமும் செல்லலாம் என்பது இதன் நன்மை. பலருக்குப் பொதுவான பொறுப்பு ஒருவருக்கும் உரியதாகாது போகலாம் என்பது இதன் தீமை.

வினாவின் வலிமைக்கு எல்லையும் உண்டு. விடை தயாராகவில்லை என்று அமைச்சர் கால அவகாசம் கோரலாம், மறுமுறையும் கோரலாம். விடை வந்தாலும் திறைசேரியில் பணம் இல்லாவிடில் மதகு எழும்பாது. எனினும் வினாவைச் சிறிதென்று இகழ்தலாகாது. இந்திய லோக்சபையில் 1957இல் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் முந்திரா என்னும் வணிகரின் கம்பனிகளில் முதலீடு செய்ததைப்பற்றி எழுந்த வினாவும், அதனைத் தொடர்ந்து பெரோஸ் காந்தி நிகழ்த்திய விவாதமும் நீதியரசர் சாக்ளாவின் விசாரணையில் முடிந்தன. 1958 பெப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். ஆற்றல் மிக்கவர் என்று மதிக்கப்பட்ட ஓர் அமைச்சர், ஆளுங்கட்சி உறுப்பினரே எழுப்பிய கேள்விக்கு முன் நிற்க இயலவில்லை.

உறுப்பினர் கேளாதபோது குடிமகன் வாளாவிருக்க வேண்டியதுமில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்த அரசாங்க அலுவலகத்திடமும் குடிமக்கள் எவரும் எழுத்தில் தகவல் கோரலாம். எதற்காகக் கேட்கிறீர் என்று வினவ அலுவலகத்துக்கு உரிமையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவை அறிவித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. மதகின் மதிப்பீட்டை ஊரவரே இவ்வாறு பெற்று உறுப்பினரின் கையில் கொடுத்தால், அவர் எழுப்பும் வினா இருமடங்கு கூர்மை பெறும்.

கதையில் வரும் பசு மணியை அசைத்தது. அரசன் எழுந்து வந்தான். அப்பசுவுக்கு மொழி இல்லை; திகதி தெரியாது; மதிப்பீடு தெரியாது. அது கேட்க அறிந்திருந்தது ஒன்றே. மொழியும் வாக்கும் சட்டமும் உடைய மக்கள் கேளாதிருப்பின், மணி துருப்பிடிக்கும். பிழை அரசனுடையது மட்டும் ஆகாது. கலகெதரவின் மதகு முதல் தலைநகரின் நெடுஞ்சாலை வரை, பொதுப் பணத்தால் ஆகும் வேலை ஒவ்வொன்றின் அருகிலும் இரு கேள்விகள் நிற்றல் வேண்டும். ஆயிற்றா? இன்றேல், ஏன்?