கண் பட்டும் காணாதது

நான் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பவள். படிக்கும்போது கண் வரியின்மேல் சீராக நகர்வதாகத்தான் நமக்குத் தோன்றும். கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவியில் பார்த்தால் அப்படியில்லை. கண் தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ கால் விநாடி. நன்கு படிக்கிறவர்களின் கண்கூடப் பத்துத் தாவலுக்கு ஒரு தடவையாவது பின்னால் போகிறது. அதனால், படித்த சொல்லுக்கே திரும்பும் பிள்ளையைத் தயவுசெய்து விரட்டாதீர்கள். பொருள் பிடிபடுவதற்காக அது திரும்பியிருக்கலாம்.

ஆனால் கண் நிற்கும் இடத்தில் இருப்பதையெல்லாம் நாம் காண்கிறோமா? இதில் என்னை உலுக்கியது 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. டிராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, ஜெரமி வுல்ஃப் மூவரும் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொடுத்து, சிறு முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தொகுப்பில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகியிருந்தார்கள். சராசரி முடிச்சைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் காணவில்லை. அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை கொரில்லா இருந்த இடத்திலேயே நேராக விழுந்திருந்தது!

இதைப் படித்தபின், பிள்ளை கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதால் பாடம் ஏறுகிறது என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. கண்டதைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்.

அந்த மருத்துவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. மருத்துவப் பயிற்சி இல்லாதவர்களிடமும் இதே சோதனையை நடத்தினார்கள். கொரில்லாவை ஒருவர்கூடக் காணவில்லை. முடிச்சுகளிலும் பெரும்பாலானவற்றைத் தவறவிட்டார்கள்.