மூன்று பெயர் கொண்ட அங்காடி

சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு இரயிலில் செல்வோர் மாலூரைக் கடந்ததும் வைட்ஃபீல்ட் என்னும் பெயர்ப்பலகையைக் காண்பர். பலரும் பெட்டிகளை இறக்கிவைத்து எழத் தொடங்குவது அங்குதான். அப்பெயருக்கு உரியவர், தென்னிந்திய ஆங்கிலோ இந்தியர்களுக்கெனச் சென்னையில் சங்கம் நிறுவிய டி. எஸ். வைட். மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் 1882இல் வழங்கிய ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தில், அச்சமூகத்தார் உழுது வாழ்வதற்காக அமைந்த குடியிருப்பு இது. வேளாண்மைக் கனவு பெரிதாகப் பலிக்கவில்லை. எனினும் வட்டமான திடலைச் சுற்றி ஓட்டு வீடுகளுடன் ஒரு நூற்றாண்டுக் காலம் ஊர் அமைதியாகவே இருந்தது.

இந்திய, சிங்கப்பூர் அரசுகளின் ஒத்துழைப்பில் 1990களில் எழுந்த சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்கா அந்த அமைதியைக் கலைத்தது. வேலை வந்தது, அடுக்குமாடி வீடுகள் வந்தன. கடைத்தெரு மட்டும் வரவில்லை. பண்டிகைக்குத் துணி எடுக்கப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து எம்.ஜி. சாலைக்கோ கமர்ஷியல் தெருவுக்கோ சென்றாக வேண்டும்.

இந்தக் குறையைக் கண்டே 2009இல் வைட்ஃபீல்ட் பிரதான சாலையில் ‘ஃபோரம் வேல்யூ மால்’ திறக்கப்பட்டது. 2004இல் கோரமங்களாவில் ஃபோரம் மாலைத் திறந்து வெற்றி கண்ட பிரெஸ்டீஜ் குழுமமே இதையும் கட்டியது. உலகப் பொருளாதாரம் தளர்ந்திருந்த வேளையில் சிக்கனத்தையே பெயராகச் சூட்டிக்கொண்டது பொருத்தமாகத்தான் தோன்றியது. ஆனால் சுற்றுப்புறத்தின் வருவாய் விரைந்து உயர்ந்தது. தள்ளுபடி என்ற அடையாளம் நாளடைவில் சிறிதாயிற்று. மால் ‘ஃபோரம் நெய்பர்ஹுட்’ எனப் பெயர் மாறி, அக்கம்பக்கக் குடும்பங்களின் அங்காடியாகத் தன்னைக் காட்டிக்கொண்டது.

போட்டியும் சும்மா இருக்கவில்லை. 2011இல் மகாதேவபுராவில் ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி, 2012இல் இனார்பிட், 2015இல் வி.ஆர். பெங்களூரு, 2018இல் ஃபோரம் சாந்திநிகேதன் என ஒரே வட்டாரத்தில் மால்கள் வரிசையாக எழுந்தன. இவற்றுள் இனார்பிட் பின்னாளில் அலுவலக வளாகமாக மாற்றப்பட்டது. கூட்டம் வருவதாலேயே ஒரு மால் பிழைத்துவிடாது என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். கடைக்காரர்களில் பலர் குறைந்தபட்ச வாடகை ஒன்றையும், விற்பனை கூடினால் அதில் ஒரு பங்கையும் தருகின்றனர். கூட்டத்தை ஈர்க்கும் பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை குறைவு. அந்தக் கூட்டத்தை நம்பிக் கடை போடும் சிறியவருக்கு அதிகம். விற்பனை சரிந்தால் இந்தக் கணக்கு முழுவதும் ஆட்டம் காணும். 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தால் மூடப்பட்ட மால்கள் ஜூன் 8 முதல்தான் மீண்டும் திறக்க அனுமதிக்கப்பட்டன. விற்பனையே இல்லாத நாட்களுக்கு யார் வாடகை தருவது என்பது நாடெங்கும் வழக்காயிற்று.

அடுத்த ஆண்டு மாலின் உரிமை பிளாக்ஸ்டோன் நிறுவனத்துக்குக் கைமாற, மூன்றாம் பெயர் வந்தது: நெக்சஸ் வைட்ஃபீல்ட். 2023 மே மாதத்தில் நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. மால்களைச் சொத்தாகக் கொண்டு இந்தியாவில் தோன்றிய முதல் ரீட், அதாவது நிலச்சொத்து முதலீட்டு அறக்கட்டளை, இதுவே. அப்போது அதில் 14 நகரங்களின் 17 மால்கள் இருந்தன. வைட்ஃபீல்ட் மால் அவற்றுள் ஒன்று. சென்னை வடபழனியில் பழைய விஜயா ஸ்டூடியோ நிலத்தில் எழுந்த மால் மற்றொன்று. வெளியீட்டு விலை அலகு ஒன்றுக்கு 100 ரூபாய்.

நேற்றுவரை வாடிக்கையாளராக நுழைந்தவர் இன்று அதே கட்டடத்தில் சிறு பங்குக்கு உரியவர் ஆகலாம். இது நம் வாசகர்கள் பலரின் ஆவலைத் தூண்டும் செய்தி என்பதை அறிவோம். செபியின் விதிப்படி, ரீட் தன் சொத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைக் கட்டி முடித்து வருவாய் ஈட்டும் சொத்துகளில் வைத்திருக்க வேண்டும். பகிரத்தக்க பணத்தில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் அலகுதாரர்களுக்கு வழங்க வேண்டும். ஆயினும் இது வைப்புத்தொகை அன்று. வட்டி உறுதி இல்லை, அலகின் விலை ஏறும், இறங்கும். வங்கி வைப்புக்கு 5 இலட்ச ரூபாய் வரை உள்ள காப்பீடும் இதற்கு இல்லை. ஓய்வூதியப் பணத்தை எடுத்து இதில் இடுவதற்கு முன், அந்த இனார்பிட் கட்டடத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஒரு ஞாயிறு மாலை நாங்கள் அங்குச் சென்றிருந்தோம். முதியோர் சிலர் எதையும் வாங்காமல் தளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தனர். வெளியே அவர்கள் அச்சமின்றி நடக்க நடைபாதை ஏது? அவர்களால் வாடகை கூடப்போவதில்லை. ஆனாலும் அந்த ஊருக்குத் திடலாக இப்போது இருப்பது அதுதான். திரும்பும்போது ஆட்டோ ஓட்டுநரை அழைத்து, நெக்சஸ் வாசலில் நிற்கிறோம் என்றோம். சற்று யோசித்துவிட்டு, “ஃபோரம்தானே சார்?” என்று கேட்டார்.