உலையில் ஏற்றும் முன்பே பிடிக்க வேண்டும்

நம் நாட்டு அணு உலைகளுக்கான எரிபொருளும் சிர்கோனியக் கலவைக் குழாய்களும் ஐதராபாத்தில் 1971-இல் நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகத்தில் தயாராகின்றன. புதுக் குழாயைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அதுவே உலைக்குள் பல ஆண்டுகள் நியூட்ரான்களின் தாக்குதலுக்கு ஆளாகி வெளியே வந்தால் கிட்டே நெருங்க முடியாது. கல்பாக்கத்தில் இருபதாண்டுகளுக்கு முன் அப்படிக் குழாய்களை மாற்றினார்கள். ஓர் உலைக்கு 306. கழற்றியவை கதிரியக்கக் கழிவு. அவற்றை எந்தக் கடைக்கும் விற்க முடியாது.

ஆனால் மூடப்பட்ட அணுமின் நிலையத்தைப் பிரிக்கும்போது கிடைக்கும் உலோகமெல்லாம் இப்படி அல்ல. பெரும்பகுதியில் கதிரியக்கமே இருக்காது. சிலவற்றில் மேற்பரப்பில் மட்டும் படிந்திருக்கும். தேய்த்துக் கழுவி, அளந்து பார்த்து, மறுபடி பயன்படுத்தலாம். ஸ்வீடனின் ஸ்டுட்ஸ்விக், ஜெர்மனியின் கிரெஃபெல்ட் ஆகிய இடங்களில் இத்தகைய உலோகத்தை உருக்குவதற்கென்றே ஆலைகள் உருவாயின.

உருக்கும்போது சீசியம் ஆவியாகி, வடிகட்டியில் தூசியோடு சிக்கும். யுரேனியம் கசடில் ஒதுங்கும். கோபால்ட்-60 மட்டும் இரும்போடு இரும்பாகக் கலந்துவிடும். பிறகு அதைப் பிரிக்க வழியில்லை. அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்தே கால் ஆண்டு ஆகும்.

நம்மை இதுவரை சுட்டது அணுமின் நிலையத்து இரும்பு அல்ல, கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய கருவி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1985-க்குப் பிறகு பயன்படாமல் கிடந்த கோபால்ட் கருவியொன்று 2010 பிப்ரவரியில் ஏலத்தில் போய், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையை அடைந்தது. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமலே கவசத்தைப் பிரித்தார்கள். ஒரு கடைக்காரர் பளபளத்த துண்டொன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டார். தோல் கருகி, முடி கொட்டி, ஒருவர்பின் ஒருவராக மருத்துவமனைக்குப் போனார்கள். தொழிலாளி ஒருவர் ஏப்ரலில் இறந்தார்.

அதற்கு முன்பே, 2008-இல், இந்திய உருக்கில் செய்த லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கலந்திருப்பதை பிரான்ஸ் கண்டுபிடித்தது. 1984-இல் மெக்சிகோவில், மருத்துவக் கருவியின் கோபால்ட் கலந்த கட்டுமானக் கம்பிகள் நாடு தாண்டிப் போயின. கம்பி ஏற்றிய லாரி வழிதவறி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூட வாசலுக்கு வர, அங்கிருந்த அலாரம் அலறியதால்தான் விஷயமே வெளிப்பட்டது.

ஆக, பிடிக்க வேண்டிய இடம் உருக்காலை வாசல். கதிரியக்கத்தை அளக்கும் கருவிகளை இங்கேயே செய்கிறோம். 1967-இல் ஐதராபாத்தில் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். அவற்றைத் தயாரிக்கிறது. சிறிய உருக்காலைக்கும் பெரிய இரும்புச் சந்தைக்கும் அவை வந்து சேர வேண்டும். மருத்துவமனையும் கல்லூரியும் பழைய கருவியை ஏலம் விடும் முன் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். மஞ்சளில் மூன்று இதழாய் வரைந்த கதிரியக்கக் குறியைக் கண்டால் கட்டரைக் கீழே வைத்துவிட்டு விலகிப் போகும்படி, இரும்பு வெட்டும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரவர் மொழியில் சொல்லித்தர வேண்டும்.