பணம் திருப்பித் தருவதாகக் கூறும் மோசடி

நெசவாளருக்கு மானியப் பாக்கி, விவசாயிக்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகை, மின்கட்டணத்தில் மிகையாகச் செலுத்திய பணம் என ஏதேனும் ஒன்று தங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டியிருப்பதாகத் தொலைபேசியில் கூறி அங்கத்தினரை ஏமாற்றும் மோசடி இந்நாளில் பெருகியுள்ளது. பேசுபவர் மிக்க மரியாதையாகவே பேசுவார். உண்மையிலேயே பாக்கி வரவேண்டிய இல்லங்களில் இப்பேச்சு எளிதில் எடுபட்டு விடுகிறது.

படிவம் நிரப்பத் தாமே உதவுவதாகச் சொல்லி, எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலியொன்றைக் கைபேசியில் நிறுவச் சொல்வார். தூரத்திலிருந்து கணினியைப் பழுதுபார்ப்போர் நேர்மையாகவே கையாளும் கருவிகள் இவை. எனினும் அதில் தோன்றும் எண்ணை அவரிடம் படித்துச் சொல்லி, கேட்கும் அனுமதிகளுக்கு நாம் இசைந்துவிட்டால், நமது திரையில் தோன்றுவதை அவர் அங்கிருந்தே காண்பார். படிவத்தில் நாம் எழுதும் அட்டை எண்ணும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணும் அவர் கண்ணில் படும். "நான் எவரிடமும் எண்ணைச் சொல்லவில்லையே, பணம் எவ்வாறு போயிற்று?" என்று வினவுவோருக்கு விடை இதுவே. எனிடெஸ்க் வழியாக நடைபெறும் இம்மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

மற்றொரு வகை, 500 ரூபாய்க்குப் பதிலாக 5,000 ரூபாய் தவறுதலாக அனுப்பிவிட்டதாகப் போலிக் குறுஞ்செய்தி காட்டி, மிகுதியைத் திருப்பிக் கேட்பது. தம் வேலை போய்விடும் என்று கெஞ்சவும் செய்வார். பிறர் பொருளுக்கு ஆசைப்படாத நாணயஸ்தரே இதில் அதிகம் அகப்படுகிறார் என்பதுதான் வருத்தம். வங்கிக்குச் சென்று பாஸ் புத்தகத்தில் பதியச் செய்து, வரவு உண்டா என்று பார்த்தல் வேண்டும். மெய்யாகவே தவறி வந்த பணமாயினும் வங்கியின் மூலமே திருப்பலாம்.

யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பணம் கொடுக்கும்போது இடவேண்டும். பெறுவதற்கு அது தேவையே இல்லை. பணம் பெற அதனை அழுத்தச் சொல்பவர் எவராயினும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஒருவேளை பணம் போய்விட்டால், முதலில் கைபேசியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட விதிகளின்படி, நமது கவனக்குறைவினால் போன தொகை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் நமது நஷ்டம். தெரிவித்த பின்னர் போவது வங்கியின் பொறுப்பு. வெட்கத்தினால் வீட்டாருக்கும் மறைத்து இரண்டு நாள் கடத்துவோர் உண்டு. அதற்குள் பணம் பல கணக்குகள் மாறி ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடும். கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றை 1930-இல் கேட்பார்கள். ஆதலால் வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.