கோப்பை வென்ற அணிகள் அடுத்த ஆண்டே சரிவது ஏன்?

கொல்கத்தா: சால்ட் லேக் மைதானத்தில் சீரமைப்புப் பணிகள் நடந்ததால், 2016 ஐஎஸ்எல் கால்பந்து தொடரில் அத்லெடிகோ டி கொல்கத்தா அணி பாலிகஞ்சை ஒட்டிய ரவீந்திர சரோபர் ஏரிக்கரை மைதானத்தில் தனது உள்ளூர் ஆட்டங்களை விளையாடியது. அவ்வாண்டு டிசம்பர் 18-ஆம் தேதி கொச்சியில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டி ஷூட் அவுட்டில் 4-3 என வீழ்த்திக் கோப்பையையும் வென்றது. அடுத்த சீசனில் அதே அணிக்கு 10 அணிகளில் 9-ஆவது இடமே கிடைத்தது.

இதை வீழ்ச்சி என்று சொல்லும் முன் புள்ளிப்பட்டியலைப் பார்க்க வேண்டும். 2016 லீக் சுற்றின் 14 ஆட்டங்களில் கொல்கத்தா வென்றவை 4 மட்டுமே; 8 ஆட்டங்கள் டிரா, இரண்டில் தோல்வி. நான்காவது அணியாகவே அது அரையிறுதிக்குள் நுழைந்தது. 2017-18 சீசனிலும் 18 ஆட்டங்களில் அதன் வெற்றிகள் அதே 4 தான். முந்தைய ஆண்டு டிராவில் தப்பித்த அணி, இம்முறை 10 ஆட்டங்களில் தோற்றது.

கால்பந்தில் ஓர் ஆட்டத்தில் விழும் கோல்கள் மிகச் சில. கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்தோ, நடுவரின் ஒரு விசிலோ முடிவை மாற்றிவிடும். கோப்பை வெல்லும் ஆண்டில் திறமையுடன் அதிர்ஷ்டமும் கைகொடுத்திருக்கும். முக்கிய வீரர்கள் காயமின்றி ஆடியிருப்பார்கள். திறமை அடுத்த ஆண்டும் பெரும்பாலும் உடன் வரும். அதிர்ஷ்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பொதுவாக அவர்களைவிடச் சற்றுக் குள்ளமாக இருப்பதை 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் கவனித்தார். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியல் கூறுவது இதைத்தான்.

ஆயினும் எல்லாப் பழியையும் அதிர்ஷ்டத்தின் மீது போட இயலாது. வெற்றி பெற்ற அணியே கலைந்துவிடுவதும் உண்டு. 2017-இல் அத்லெடிகோ மாட்ரிட்டுடனான கூட்டு முறிந்தது. பயிற்சியாளர் ஹோசே மோலினா விலகினார். முன்கள வீரர் இயான் ஹியூம் கேரளாவுக்குச் சென்றார். புதிய பயிற்சியாளர் டெடி ஷெரிங்காம் 2018 ஜனவரியில் நீக்கப்பட்டார். பின்னர் ஆஷ்லி வெஸ்ட்வுட்டும், அவருக்குப் பின் ராபி கீனும் பொறுப்பேற்றனர். ஒரே சீசனில் மூவர்! சரிவைக் கண்டதும் கிளப் நிர்வாகங்கள் எடுக்கும் இந்த முதல் மருந்து, பல நேரங்களில் நோயைக் கூட்டவே செய்கிறது.

பயிற்சியாளர் நீடித்தாலும் உத்தரவாதம் இல்லை என்பதற்குச் சென்னை சாட்சி. ஜான் கிரகரியின் சென்னையின் எஃப்சி 2018 மார்ச்சில் பெங்களூருவை 3-2 என வென்று சாம்பியன் ஆனது. அதே கிரகரியின் கீழ் அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளிகளுடன் கடைசி இடம். இடையில் விலகியவர்களில் கேப்டன் ஹென்ரிக் செரெனோவும் ஒருவர். 2016 இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவுக்காகக் கோல் அடித்தவரும் அவரே.

இங்கிலாந்தில் 2016-இல் சாம்பியனான லெய்செஸ்டர் சிட்டி, என்'கோலோ கான்டேவை செல்சியிடம் இழந்து 12-ஆவது இடத்துக்குச் சரிந்தது. 1937 சாம்பியன் மான்செஸ்டர் சிட்டி மறு ஆண்டே இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. அந்த சீசனில் முதல் டிவிஷனில் அதிகக் கோல் அடித்த அணியும் அதுதான்.

ஆட்டங்கள் கூடக்கூட அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது. மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட் 2023-24-இல் வென்ற லீக் ஷீல்டை அடுத்த சீசனிலும் தக்கவைத்தது. ஐஎஸ்எல்லில் இதைச் சாதித்த முதல் அணி அது. 24 ஆட்டங்களில் 56 புள்ளிகள் பெற்ற அந்த அணியின் பயிற்சியாளர், 2016-இல் கொல்கத்தாவுக்குக் கோப்பை பெற்றுத் தந்த அதே மோலினா. அடுத்த ஐஎஸ்எல் சீசன் தொடங்கும் முன்பே, 2025 நவம்பரில், கிளப்பும் அவரும் பிரிந்தனர்.