சந்தாபுரா ஏரியும் பௌலர் துரையின் சேறும்

சந்தாபுரா வட்டாரத்தில் குடியேறியுள்ள நம் அன்பர்கள் அவ்வூர் ஏரியை நன்கறிவர். அருகே செல்வோர்க்குக் கண் காணுமுன் மூக்கே அதனை அறிவித்துவிடும். வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் பல்லாண்டுகளாக அதில் கலந்து வந்தன. அதனைக் காக்கத் தவறியமைக்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. இப்பகுதி தென்பெண்ணையாற்றின் வடிநிலத்தைச் சேர்ந்தது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படங்களைக் கண்டு வருந்துகிறோமே, நாம் இங்கு வடியவிடும் நீருக்கும் வழி அத்திசைதான்.

கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் கலைக்கும் நம் பெங்களூருக்கும் உள்ள பழந்தொடர்பைச் சிலரே அறிவர். மான்செஸ்டர் நகரில் கழிவுநீர் ஆய்வில் ஈடுபட்டிருந்த கில்பர்ட் பௌலர் என்பார், 1912-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரில் கழிவுநீருள் காற்றைச் செலுத்தும் பரிசோதனைகளைக் கண்டு திரும்பினார். அவர் தூண்டுதலால் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் ஆய்வைத் தொடர்ந்தனர். முதன்முறை காற்றூதியபோது நீர் தெளிய வாரக்கணக்கில் ஆயிற்று. அடியில் தங்கிய சேற்றை அவர்கள் எறியாது வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுக் கழிவுநீரை விட்டுக் காற்றூதினர். மோர் உறைக்குப் பால் தோய்வது போல, சில மணி நேரத்திலேயே வேலை முடிந்தது! சேற்றில் பெருகியிருந்த நுண்ணுயிர்களே அழுக்கை உண்டன. இது 1914-இல் வெளியாயிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் முறை இதுவே.

அந்தப் பௌலர் 1916-இல் பெங்களூர் வந்து, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். நீர் தெளிந்தால் போதும் என்று அவர் நிற்கவில்லை. கழிவில் உள்ள நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பதிலும் கருத்துச் செலுத்தினார். நைட்ரஜனைப் பேணுதல் பற்றி 1934-இல் ஒரு நூலே வெளியிட்டார்.

கழிவைப் பயனாக்கும் வழிகள் சில இன்று நடைமுறையில் உள்ளன. சென்னைக் கொடுங்கையூரில் கழிவுச் சேற்றிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கின்றனர். அங்கும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம், நுண்சவ்வுகளின் வழியே வடித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் உள்ளன. பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு நீர் 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்புகிறது. இரண்டு படிச் சுத்திகரிப்போடு நிறுத்தியது போதாது, மூன்றாம் படியும் வேண்டும் என்று அங்கே எழுந்த குரல் நியாயமானது என்பதே என் கருத்து. நிலத்தடிக்கு இறங்கும் நீரல்லவா?

வீட்டுக் கழிவுநீர் மட்டுமாயின் அதன் சேறு பதப்படுத்திய பின் நல்ல உரம். ஆலை இரசாயனமும் உலோகமும் கலந்துவிட்டாலோ நுண்ணுயிர் மடியும்; சேறும் வயலுக்கு ஆகாது. சந்தாபுரா ஏரிக்கு நேர்ந்த பெருங்கேடு இக்கலப்பே.

இனி எங்கள் வீட்டுக் கதை. ரயில்வேயில் கணக்கு எழுதுபவன் நான். வரவும் போக்கும் இரண்டும் பதிய வேண்டும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ டாங்கர் லாரிக் கணக்கு மட்டுமே உண்டு. வெளியேறும் நீருக்கு ஏடே கிடையாது. எஸ்.டி.பி. என்று எல்லோரும் சொல்லும் நிலையம் இருக்கத்தான் இருக்கிறது. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவெல்லாம் புளோயரை நிறுத்தி வைத்தனர். காற்றின்றி நுண்ணுயிர் திணறும் என்பதை எவரும் எண்ணவில்லை. கோடையில் துர்நாற்றம் தாங்காது என் மனையாள் குழந்தைகளுடன் சேலத்திற்குத் தாய்வீடு சென்றுவிட்டாள்.

சென்ற மாதக் கூட்டத்தில் நான் எழுந்து, பௌலர் கதையைச் சொன்னேன். சிலர் நகைத்தனர். கழிவறைக்கும் தோட்டத்திற்கும் தெளிந்த நீரை ஓட்டினால் எத்தனை லாரி குறையும் என்று ஒரு பெரியவர் கேட்டார். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். இப்போது புளோயர் இரவும் ஓடுகிறது. வெளியேறும் நீருக்கும் ஓர் ஏடு திறந்து, அதை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். மனையாளுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்.